28-வது விநாடியில் என்ன நடந்தது?

வா கண்ணு, பக்கத்தில் வந்து உட்கார். இன்றைக்கு உனக்கு ஒரு துப்பறியும் கதை. இதில் திருடன் கிடையாது. காணாமல் போனது நகையும் இல்லை, பணமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரின் வேகம்!

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். அவன் அப்பா மீதியைப் போட்டு, யாரோ பயன்படுத்திய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"மாமா, என் பிராசசரை 4.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்தி வெச்சேன். ஆனா நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் தானா குறைஞ்சிடுது. பிராசசர் கெட்டுப் போச்சா மாமா?"

குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"கெட்டுப் போயிருக்காதுடா. மத்தியானம் நான் வரேன். அதுக்குள்ள ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வை" என்றேன்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க நோட்டு எதற்கு என்றுதானே யோசிக்கிறாய்? நல்ல கேள்வி. அதை மனதில் வைத்துக்கொள். கதையில் பெரிய வேலையைச் செய்யப்போவது அந்த நோட்டுதான்.

அவன் வீட்டுக்குப் போவதற்கு முன் நாம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது என்ன கிகாஹெர்ட்ஸ்?

உன் பள்ளியில் மணி அடிக்கிறது. மணி அடித்தால் ஒரு பாடம் முடியும், அடுத்த பாடம் தொடங்கும். மணியே இல்லை என்றால்? ஏழாம் வகுப்பில் கணக்கு முடிந்திருக்கும், எட்டாம் வகுப்பில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும், வாத்தியார் வாசலில் நின்றுகொண்டிருப்பார். பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே தாளத்தில் நடத்துவது அந்த மணி.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு மணி உண்டு. அதை அடிப்பது ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம். 1880-ல் பிரான்சு நாட்டில் பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற அண்ணன் தம்பி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறக்கிறது! பிறகு, மின்சாரம் கொடுத்தால் அதே படிகங்கள் அசைவதும் தெரியவந்தது. குவார்ட்ஸ் படிகம் அப்படி அசையும்போது கொஞ்சமும் தாளம் தப்பாமல் அதிரும். உன் அப்பாவின் கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நேரம் தவறாமல் முள் நகர்வது அதனால்தான்.

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கும் படிகத்தின் தாளத்தை வைத்து, விநாடிக்கு 10 கோடி தடவை அடிக்கும் அடிப்படை மணி ஒன்றை உருவாக்குகிறார்கள். 10 கோடி என்றால் 100 மெகாஹெர்ட்ஸ். செயலி, அதாவது பிராசசர், அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ளும். 36-ஆல் பெருக்கினால் 3,600 மெகாஹெர்ட்ஸ். இதைத்தான் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். விநாடிக்கு 360 கோடி மணி!

அந்தப் பெருக்கும் எண்ணை 47 ஆக்கினால்? நீயே பெருக்கிப் பார். 100 × 47 = 4,700. அதாவது 4.7 கிகாஹெர்ட்ஸ். என் அக்கா மகன் செய்தது இவ்வளவுதான். செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி மணியை வேகமாக அடிக்க வைப்பதற்குப் பெயர் ஓவர்க்ளாக்கிங்.

இந்த வேகம் எவ்வளவு பெரியது என்று உனக்குக் காட்டட்டுமா? உன் ஜியோமெட்ரி பாக்ஸில் 15 சென்டிமீட்டர் அளவுகோல் இருக்கும், எடு. உலகத்திலேயே வேகமாக ஓடுவது ஒளி. 4.7 கிகாஹெர்ட்ஸ் செயலியில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் அந்த ஒளியால் ஓட முடிவது ஆறரை சென்டிமீட்டருக்கும் குறைவு. உன் அளவுகோலில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அடுத்த மணி அடித்துவிட்டது!

1971-ல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மணி விநாடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம் தடவை அடித்தது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய விந்தை. இன்று ஒரு பள்ளி மாணவன் வீட்டு மேசையில் அதைப் போல ஆறாயிரம் மடங்கு வேகம் இருக்கிறது.

சரி, மணியை வேகமாக அடித்தால் என்ன கஷ்டம்? இங்கேதான் மாம்பழம் வருகிறது.

உன் வகுப்பில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறீர்கள். ஒரு முனையில் மாம்பழக் கூடை, மறுமுனையில் காலிக் கூடை. மணி அடித்ததும் ஒவ்வொருவரும் கையில் இருக்கும் பழத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். மணி நிதானமாக அடித்தால் எல்லாப் பழமும் ஒழுங்காகப் போய்ச் சேரும். கொஞ்சம் வேகமாக அடித்தாலும் சமாளித்துவிடுவீர்கள். இன்னும் வேகமாக அடித்தால்? வாங்குகிறவன் கை நீளுவதற்குள் கொடுக்கிறவன் விட்டுவிடுவான். பழம் தரையில்!

செயலிக்குள் கோடிக்கணக்கான சின்னச் சுவிட்சுகள் இப்படித்தான் கைமாற்றிக்கொள்கின்றன. பழத்துக்குப் பதில் மின்சாரத் துடிப்பு. பழம் விழுந்தால் கணக்குத் தப்பும். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும், இல்லையென்றால் நீலத்திரை காட்டி அணைந்துபோகும்.

பழம் விழாமல் இருக்க ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் தெம்பு கொடுத்தால் கை வேகமாக நீளும். செயலிக்கு அந்தத் தெம்பு என்பது வோல்ட்டேஜ், மின்னழுத்தம். அதைக் கொஞ்சம் கூட்டினால் சுவிட்சுகள் சுறுசுறுப்பாகும். ஆனால் வேகமாகக் கை நீட்டினால் உங்களுக்கு வேர்க்கும் அல்லவா? அதே போலச் செயலிக்குச் சூடு ஏறும். அதுவும் சாதாரணமாக ஏறாது. மணியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் இரண்டு மடங்கு. வோல்ட்டேஜை இரண்டு மடங்காக்கினாலோ வெப்பம் நான்கு மடங்கு! இதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு வை. பின்னால் தேவைப்படும்.

இதுவரை புரிகிறதா? மணி என்பது வேகம், தெம்பு என்பது வோல்ட்டேஜ், வேர்வை என்பது வெப்பம். புரியவில்லை என்றால் மாம்பழ வரிசையை இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

இன்னொரு செய்தி சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1998-ல் செலரான் 300ஏ என்று ஒரு செயலி வந்தது. விலை மலிவு. அதன் அடிப்படை மணி 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் நாலரை, வேகம் 300. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆனால் அடிப்படை மணியை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும் என்று ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். அந்தச் செயலிகளில் பலவும் சிணுங்காமல் 450-ல் ஓடின! ஓவர்க்ளாக்கிங் என்ற பெயர் பலருக்குத் தெரியவந்ததில் அந்தச் சின்னச் செயலிக்கும் பங்குண்டு.

சரி, இப்போது அக்கா வீட்டுக்குப் போவோம்.

போனதும் அவன் திரையைக் காட்டினான். "பாருங்க மாமா, 4.7 வெச்சதை 800 மெகாஹெர்ட்ஸ்னு காட்டுது!"

நான் சிரித்துவிட்டேன். "இப்ப கம்ப்யூட்டர் என்னடா வேலை செய்யுது?"

"ஒண்ணும் இல்லையே, சும்மாதான் இருக்கு."

"சும்மா இருக்கும்போது நீ ஓடிக்கிட்டேவா இருப்ப?"

அவனுக்குப் புரிந்தது. வேலை இல்லாதபோது செயலி தானாகவே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும். அது அதன் நல்ல பழக்கம். வேகம் போய்விட்டது என்று பதறுகிறவர்களில் பலர் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். ஆகவே முதலில் வேலை கொடுக்க வேண்டும், பிறகுதான் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

செயலிக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் சோதனை மென்பொருள் ஒன்றை ஓட விட்டோம். பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் வேகம், வெப்பம், மின்சாரம் மூன்றையும் காட்டும் இலவச மென்பொருள். "பத்து விநாடிக்கு ஒரு தடவை மூணையும் எழுது" என்றேன். எழுதினான்.

முதல் பத்து விநாடியிலேயே வெப்பம் 88 டிகிரி. அடுத்து 96. அதற்கு அடுத்து 100. அந்த நிமிடமே 4.7 என்றிருந்த வேகம் 4.3 ஆனது, 4.0 ஆனது, மறுபடி 4.2 ஆனது. ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடியது.

100 டிகிரி என்றால் தண்ணீர் கொதிக்கும் சூடு! அந்தச் செயலிக்கு அதுதான் எல்லை. செயலியின் உள்ளேயே வெப்பத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. எல்லையைத் தொட்டதும் அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரொம்பப் பழைய செயலிகள் சிலவற்றில் இந்தக் காவல் இல்லை. குளிர்விக்கும் உலோகம் கழன்று விழுந்தால் சில விநாடிகளில் கருகிப்போகும்.

நீ பட்டம் விட்டிருக்கிறாயா? காற்று பலமாக அடிக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். அப்போது என்ன செய்வாய்? நூலைக் கொஞ்சம் விட்டுக் கொடுப்பாய். பட்டம் சற்றுத் தள்ளிப் போகும், ஆனால் உன் கையில் இருக்கும். செயலியும் வேகத்தை விட்டுக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஆக, அன்றைக்கு எங்கள் கேள்வி மாறியது. வேகம் ஏன் குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் சூடு ஏன் ஏறுகிறது?

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். நீ இதைச் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், சரியா? பிளக் வெளியே இருக்க வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அந்தக் கனமான பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

செயலியின் மேல் ஹீட்சிங்க் உட்கார்ந்திருந்தது. அலுமினியத் தகடுகளை அடுக்கிய கூடு, அதன்மேல் மின்விசிறி. தகடுகளுக்கு நடுவே தூசி படிந்து கம்பளி மாதிரி ஆகியிருந்தது. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். முழுப் போர்வையாகக் கையோடு வந்தது! காற்று எப்படிப் போகும்?

ஆனால் உண்மையான குற்றவாளி இன்னும் உள்ளே இருந்தான். ஹீட்சிங்கை மெதுவாகத் திருகி எடுத்துத் திருப்பிப் பார்த்தோம்.

செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற களிம்பு பூசுவார்கள். எதற்குத் தெரியுமா? இரண்டு உலோகப் பரப்பும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டும் தொடும். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது. கம்பளிக்குள் நமக்குக் கதகதப்பாக இருப்பதே அதற்குள் சிக்கிய காற்றினால்தானே! அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் களிம்பு. அது உலோகத்தைப் போல அவ்வளவு நன்றாகக் கடத்தாவிட்டாலும், காற்றைவிட எத்தனையோ மடங்கு மேல்.

அங்கே இருந்த களிம்பு காய்ந்து, வெடித்த வயல் போலக் கிடந்தது. அது மட்டுமில்லை. "மாமா, இந்தப் பக்கம் பாருங்க, தடிமனா இருக்கு" என்றான் அவன். உற்றுப் பார்த்தேன். ஒரு மூலையில் ஊத்தப்பம் மாதிரித் தடிப்பு, எதிர் மூலையில் பேப்பர் ரோஸ்ட் மாதிரி மெலிவு.

இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது? கொஞ்சம் யோசி. விடையை உடனே படிக்காதே.

ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருந்தது! அதன் நான்கு திருகுகளில் ஒன்று பாதிதான் இறங்கியிருந்தது. அந்த மூலையில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில்தான் சூடு மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான், நானில்லை.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழைய களிம்பைத் துடைத்தோம். நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுக் களிம்பு வைத்தோம். கார் டயர் மாற்றுகிறவர் எப்படித் திருகுவார் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? ஒரு மூலை, அடுத்து அதன் எதிர் மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. அதே போல நான்கையும் இறுக்கினோம். நாலு பக்கமும் ஒரே அழுத்தம்.

மறுபடி சோதனை. வெப்பம் 78 டிகிரியிலேயே நின்றது! வேகம் 4.7. அவன் கைதட்டினான். அக்கா அடுப்படியிலிருந்து வடையோடு வந்தாள்.

வடையை எடுத்து வாயில் வைக்கவில்லை, வேகம் 3.9-க்கு இறங்கிவிட்டது.

வெப்பத்தைப் பார்த்தேன். 78-தான். 100 டிகிரிக்கு அருகில்கூடப் போகவில்லை. பிறகு ஏன்?

சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிடம் குழப்பமாகத்தான் இருந்தது. களிம்பு சரியில்லையோ, திருகு தளர்ந்துவிட்டதோ என்று பெட்டியை மறுபடி திறக்கப் போனேன். அவன் தடுத்தான். "இருங்க மாமா, எழுதிப் பார்ப்போம்" என்று இன்னொரு தடவை ஓட விட்டான். இப்போது ஒவ்வொரு விநாடியாக எண்ணினான். நிறுத்தி, கொஞ்சம் ஆற விட்டு, இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் எண்ணினான். நோட்டைத் திருப்பிக் காட்டினான்.

28. 29. 28.

"மூணு தடவையும் ஒரே நேரம் மாமா!"

எனக்கு அவனைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. அந்த மூன்று எண்களில் விடை இருக்கிறது. ஏன் தெரியுமா?

சூடு கடிகாரம் பார்த்து வராது. முதல் தடவை கம்ப்யூட்டர் குளிர்ந்திருக்கும், எல்லையைத் தொட நேரமாகும். இரண்டாம் தடவை ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருக்கும், சீக்கிரம் தொட்டுவிடும். வெப்பத்தால் வேகம் குறைந்தால் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், வேகமும் எங்கள் முதல் சோதனையில் பார்த்தது போல ஊசலாடும். ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு இறங்கி, அங்கேயே நிற்கிறது என்றால்? யாரோ அப்படி ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள்!

கம்ப்யூட்டரை மறுபடி துவக்கி, டெலீட் விசையை அழுத்தி, பயாஸுக்குள் போனோம். அதாவது மதர்போர்டின் அமைப்புப் பக்கம். தேடியது கிடைத்தது. மின்சக்தி வரம்பு, 95 வாட். நேரம், 28 விநாடி.

இதன் பொருள் என்ன? விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டத்தில் நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். அதே வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட முடியுமா? முடியாது. செயலிக்கும் அப்படி இரண்டு வரம்புகள் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு அதிக மின்சாரம் இழுக்கலாம். தொடர்ந்து ஓடினால் சராசரி 95 வாட்டுக்குள் இருக்க வேண்டும். சராசரியை வைத்துக் கணக்கிடுவதால், எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்து அந்த நேரம் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அவன் செயலி 4.7-ல் ஓடும்போது 115 வாட் இழுத்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த செயலி, வரம்புக்குள் அடங்குவதற்காக 3.9-க்கு இறங்கிவிட்டது.

"அப்ப அந்த 95-ஐ மாத்தி 150 போட்டுடலாமா மாமா?"

போடலாம். அந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் வேண்டாம் என்றேன். செயலிக்கு மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் மதர்போர்டில் அதைச் சுற்றி இருக்கின்றன. செயலி கூடுதலாகக் கேட்கக் கேட்க அவையும் சூடேறும். அவன் போர்டில் அந்தப் பாகங்களுக்கு மேல் குளிர்விக்கும் உலோகம் எதுவும் இல்லை. அங்கே வரம்பை உயர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வோல்ட்டேஜ் எவ்வளவுடா வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"1.35. ஒரு வீடியோல சொன்னாங்க."

அங்கேதான் சங்கதி! நீ கோடு போட்டு வைத்த வரியை இப்போது பார். வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடினாலும் வெப்பம் நிறையக் கூடும். அப்படியென்றால், கொஞ்சம் குறைத்தால் நிறையக் குறைய வேண்டும் அல்லவா? நோட்டில் கணக்குப் போட்டோம்.

வேகத்தை 4.7-லிருந்து 4.5 ஆக்கினால் நூற்றுக்கு நாலு பங்குதான் இழப்பு. வோல்ட்டேஜை 1.35-லிருந்து 1.25 ஆக்கலாம். 1.25-ஐ 1.35-ஆல் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கினால் ஏறக்குறைய 0.86. அதோடு வேகத்தின் பங்கான 0.96-ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 0.82. நூறு பங்கு மின்சாரம் 82 பங்காகிவிட்டது! 115 வாட்டில் 82 பங்கு எவ்வளவு? பெருக்கிப் பார். 94 வாட் சொச்சம். வரம்பு 95. உள்ளே அடங்கிவிட்டது!

கணக்கு சரி. செயலி ஒத்துக்கொள்ளுமா? ஒரேயடியாக இறக்கவில்லை. 1.32 வைத்து அரை மணி நேரம் சோதனை. பிறகு 1.30. பிறகு 1.28. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம், ஒவ்வொன்றையும் எழுதினோம். 1.25-லும் நன்றாக ஓடியது. ஆசைப்பட்டு 1.20 வைத்துப் பார்த்தான். இரண்டாவது நிமிடத்தில் திரை உறைந்து நின்றது.

"பழம் விழுந்துடுச்சு மாமா!" என்றான்.

மறுபடி 1.25-க்கே வந்தோம். 4.5 கிகாஹெர்ட்ஸ். 28-வது விநாடி வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். 29. 30. 40. ஒரு நிமிடம். அரை மணி. எண் அசையவில்லை. வெப்பம் 69 டிகிரி.

கவனித்தாயா? 4.7 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தபோது, அரை நிமிடத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது 3.9. இப்போது 4.5-ஐக் கேட்டான், முழுவதும் கிடைத்தது.

வேகம் காணாமல் போக இன்னும் சில காரணங்கள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸில் மின்சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் வேகம் ஏறாது. கம்ப்யூட்டரைத் துவக்கும்போது தடங்கல் வந்தால், மதர்போர்டு தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு நாள் காலையிலும் வேகம் பழைய நிலைக்கு வந்து, தேதியும் தப்பாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைச் சந்தேகப்படு. பல போர்டுகளில் அமைப்புகளை நினைவில் வைத்திருக்க அதுதான் மின்சாரம் தருகிறது. அதன் பெயர் சிஆர் 2032. அந்த எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். மாற்றுவது எளிது. ஆனால் தம்பி தங்கை கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள். விழுங்கினால் மிகவும் ஆபத்து.

நீ ஓவர்க்ளாக் செய்யவே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடம் படிக்க, படம் வரைய, நிரல் எழுத, வந்த வேகமே தாராளம். உத்தரவாதக் காலம் முடியாத கம்ப்யூட்டரில் வோல்ட்டேஜைத் தொடவே தொடாதே. ஆனால் தூசி எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் படியும். உன் வீட்டுக் கம்ப்யூட்டரின் விசிறி திடீரென்று இரைகிறதா? விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மந்தமாகிறதா? அப்பாவையோ அக்காவையோ கூப்பிட்டு உட்கார வை. ஒரு நோட்டை எடு. எத்தனையாவது விநாடியில் மந்தமாகிறது என்று மூன்று தடவை எண்ணி எழுது. அந்த மூன்று எண்களையும் எனக்கு அனுப்பு. நான் காத்திருப்பேன்.